புல் போகுமுன் எலியை எண்ணுவோம்

விடியற்காலை ஐந்து மணிக்குத் தேக்காவின் பின்சந்துகளில் ஒன்றில் நின்று பாருங்கள். சிராங்கூன் சாலையின் வெளிச்சம் அந்தச் சந்துக்குள் பாதிதான் எட்டும். கடைவீட்டுச் சுவரோரம் கருப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் எச்சரிக்கை ஒட்டுவில்லை, உள்ளே எலிக்கான விஷக்கட்டி. இரண்டடி தள்ளிக் குப்பைத் தொட்டி. அதன் மூடி முழுதாக மூடவில்லை. முதல்நாள் இரவின் சோறும் மீன்முள்ளும் சாம்பாரும் கலந்த பை விளிம்பில் பிதுங்கி நிற்கிறது. தொட்டியிலிருந்து இறங்கும் எலி, விஷப் பெட்டியை முகர்ந்துகூடப் பார்க்காமல், பழகிய தடத்திலேயே வடிகாலுக்குள் போய்விடுகிறது. விருந்து விரித்திருக்கும்போது அது விஷத்தை ஏன் தேடப் போகிறது?

இந்த எலி நமக்குத் தெரிந்த எலி. இதைப் பற்றிய புகார்களும் தெரியும். எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் முதல் எலித் தெள்ளு கொண்டுவரும் டைபஸ் காய்ச்சல் வரை இது விளைவிக்கும் கேட்டையும் அறிவோம். அதை ஒழிக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் ‘எலி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இன்னொரு உயிர்க்கூட்டத்தையும் போட்டு அடைத்துவிட்டோம். திறந்த புல்வெளியில், லாலாங் புல்லின் அடியில், புதர்க்காட்டின் ஓரத்தில் வாழும் சின்னஞ்சிறு கொறிவிலங்குகள் அவை. அவை அங்கே செய்யும் வேலை என்ன என்று கேட்டறியாமலே அவற்றின் நிலத்தை ஒவ்வொன்றாக இழந்து வருகிறோம். அதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

லிட்டில் இந்தியாவிலிருந்தே தொடங்கலாம். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற சாலைப் பெயரே ஒரு புல்வெளியின் நினைவுதான். 1842ல் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. சிங்கப்பூரில் முதல் விமானம் 1911ல் வானேறியதும் அந்தப் புல்தரையிலிருந்துதான். 1933ல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. 1999ல் அங்கிருந்தும் கிளம்பி வடக்கே கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 124 ஹெக்டர் நிலம் 2027ல் அரசிடம் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. புக்கிட் தீமாவின் பழைய திடலில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரை கட்டும் திட்டம் 2024ல் அறிவிக்கப்பட்டது. முதல் பந்தயத் திடல் இருந்த ஃபேரர் பார்க்கில் ஏறக்குறைய 1,600 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரும் என்று 2022லேயே அறிவித்தாகிவிட்டது. நூற்றெண்பது ஆண்டுகளாக இடம் மாறி மாறித் தப்பிய புல்லுக்கு இனி ஒதுங்க இடமில்லை.

வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்? வீவக வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளந்தம்பதியின் தவிப்பு நமக்குத் தெரியும். ஆனால் காட்டை வெட்டினால் நாலு பேர் கேட்கிறார்கள், சதுப்புநிலக்காட்டைத் தொட்டால் மனு எழுதுகிறார்கள். புல்வெளியை மூடும்போது மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வரைபடத்தில் அது ‘காலி நிலம்’. காலி என்று ஒரு நிலத்தைச் சொல்லுமுன் உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிப் பார்ப்பதுதானே முறை?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் புல்தரைகளில் வட்டமாக உட்கார்ந்து பேசும் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர்கள். வீட்டுச் சுண்டெலி வேறு, வயலெலி வேறு, வெள்ளெலி வேறு, பெருச்சாளி வேறு என்று விரல்விட்டுச் சொல்வார்கள். பிள்ளையாரின் வாகனமான மூஞ்சூறு எலியோடு சேராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்ததும் வரப்பில் வளை வெட்டி, எலி உள்ளே சேர்த்து வைத்திருந்த நெற்கதிரைக் கூடையில் அள்ளிய கதையைச் சொல்வார்கள். வளை வெட்டிய இடத்தில் மண் எப்படிப் பொலபொலவென்று உதிரும், அடிமண் எப்படி வேறு நிறத்தில் மேலே கிடக்கும் என்றும் கையால் காட்டுவார்கள். நம் மொழி தனித்தனியாகப் பெயரிட்டு வைத்த உயிர்கள் இவை. நகரத்துக்கு வந்த பிறகு எல்லாமே ‘எலி’ ஆகிவிட்டன.

இந்த வேறுபாட்டை மலாயா மருத்துவர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே உணர்ந்தார்கள். 1920களில் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்த ஃபிளெட்சரும் லெஸ்லரும் அது இரண்டு வகை என்று பிரித்தார்கள். பின்னாளில் லூத்வெய்ட், சவூர் இருவரும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார்கள். பட்டணத்தில் வருவதைக் ‘கடை டைபஸ்’ என்றும் தோட்டத்துப் புதரில் வருவதைப் ‘புதர் டைபஸ்’ என்றும் பெயர் வைத்தார்கள். முதலாவது கடைவீட்டு எலியின் தெள்ளிலிருந்து வருவது. இரண்டாவது லாலாங்கிலும் புதரிலும் திரியும் எலிகளின் மேல் ஒட்டி வாழும் மிகச்சிறு உண்ணிகளால் வருவது. நோயாளியைக் காப்பாற்ற வேண்டுமானால் எந்த எலி, எந்த நிலம் என்று தெரிய வேண்டியிருந்தது. புல்வெளி எலியைப் புனிதமாக்கும் எண்ணம் நமக்கில்லை. அதன் மேலும் நோய் உண்டு. ஆனால் நோய்க்காகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாம், மண்ணுக்காகப் பிரித்துப் பார்க்கவில்லை.

மண்ணுக்கும் எலிக்கும் என்ன தொடர்பு? கைப்பிடி அளவு உடம்பு. ஆனால் அது ஓயாமல் தின்கிறது, ஓயாமல் தோண்டுகிறது, ஓயாமல் கழிக்கிறது. எந்தச் செடியைக் கடிப்பது, எதை விடுவது என்பதில் அதற்குத் தேர்வு உண்டு. இளந்தளிரையும் அவரைக் குடும்பச் செடிகளையும் பல இனங்கள் முதலில் தேடிப் போகின்றன. பெரிய விதையைப் பொறுக்கிச் சிறிய விதையை விட்டுவிடும் இனங்களும் உண்டு. மண்ணில் புதைத்துவிட்டு மறந்துபோன விதை மழைக்கு முளைக்கிறது. வளை தோண்டும்போது அடிமண் மேலே வருகிறது, மேல்மண்ணும் காய்ந்த புல்லும் உள்ளே போகின்றன. அந்தத் துளை வழியே காற்றும் மழைநீரும் இறங்குகின்றன. சிறுநீரும் புழுக்கையும் விழுந்த இடத்தில், புல்லுக்குள் பூட்டிக் கிடந்த தழைச்சத்து, உதிர்ந்து மட்கக் காத்திராமல் சீக்கிரமே மண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் புல்வெளி முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. இங்கே ஒரு திட்டு செழிப்பு, அங்கே ஒரு திட்டு வெறுமண், அடுத்து வேறொரு செடி. இந்தத் திட்டுத்திட்டான ஏற்றத்தாழ்வுதான் பல செடிகள் சேர்ந்து வாழ இடம் தருகிறது.

சொல்லில் நம்ப வேண்டாம், சோதனைக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், போர்ட்டல் என்ற சிற்றூருக்கு அருகே, 1977ல் ஜேம்ஸ் பிரவுன் என்ற சூழலியலாளர் பாலை நிலத்தில் வேலியிட்ட மனைகளை அமைத்தார். ஒவ்வொன்றும் கால் ஹெக்டர். சில மனைகளின் வேலியில் சிறு எலிகள் மட்டும் நுழையும் அளவுக்குத் துளை. தாவிச் செல்லும் கங்காரு எலிகள் அதில் நுழைய முடியாது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அவரும் எட்வர்ட் ஹெஸ்கேயும் 1990ல் முடிவை வெளியிட்டார்கள். கங்காரு எலிகளை விலக்கிய மனைகளில் உயரப் புற்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தன. புதர்ப் பாலையாக இருந்த இடம் புல்வெளியாக மாறத் தொடங்கியிருந்தது. மழையையும் மண்ணையும் யாரும் மாற்றவில்லை. உள்ளங்கையில் அடங்கும் மூன்று எலி இனங்களை வெளியே நிறுத்தியதுதான் நடந்தது. ஒரு நிலம் புதரா, புல்லா என்பதைத் தீர்மானிக்கும் கைகளில் எலியின் கையும் ஒன்று என்று அந்த வேலி காட்டியது.

அதே நாட்டின் நடுப்புல்வெளியில் ‘பிரேரி நாய்’ என்று அழைக்கப்படும் அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு வாழ்கிறது. தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவில் ஆராய்ந்தவர்கள், அது மேய்ந்து மேய்ந்து குட்டையாக்கிய இடத்தில் புல் இளசாகவும் தழைச்சத்து மிகுந்தும் இருப்பதைக் கண்டார்கள். ஆயிரம் கிலோ எடையைத் தொடும் காட்டெருமை அந்தத் திட்டைத் தேடி வந்து மேய்கிறது. ஆனால் பண்ணையாளர்கள் அந்த விலங்கைத் தங்கள் மாட்டின் போட்டியாளன் என்று கருதினார்கள். இருபதாம் நூற்றாண்டு முழுதும் விஷம் வைத்தார்கள். அதையே உண்டு வாழ்ந்த கருங்கால் கீரி அற்றுப்போய்விட்டது என்றே உலகம் முடிவுகட்டியது. 1981ல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த கீரி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான், எங்கோ கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரிந்தது. ஓர் இனம் பிழைத்திருக்கிறதா என்பதை நாய் கொண்டுவந்து காட்ட வேண்டிய நிலைக்கு நாம் போகலாமா?

எலி இருந்தால் எல்லாம் நன்மையே என்று நாம் வாதிடவில்லை. இலினாய் மாநிலத்தில் ஹென்றி ஹவ் குழுவினர் விதைத்து உருவாக்கிய புல்வெளிகளில், குட்டைவால் புல்லெலிகள் புகுந்த மனைகளில் அவற்றுக்குப் பிடித்த செடிகள் அருகிப்போயின, பிடிக்காதவை மேலோங்கின. அங்கே எலி பல்வகைமையைக் குறைத்தது. அரிசோனாவில் ஒன்று, டகோட்டாவில் ஒன்று, இலினாயில் வேறொன்று. இதிலிருந்து தெரிவது இதுதான்: எலி ஒரு நிலத்தில் என்ன செய்யும் என்பதை அந்த நிலத்தில்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றுகூட, ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம்மைப் போன்ற தீவில் நடந்ததல்ல. எனவே அவற்றின் விடையை எடுத்து நம் நிலத்தில் ஒட்டிவிட முடியாது.

நம் புல்வெளிகளின் கதையும் தனிக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பீரும் மிளகும் பயிரிட இந்தத் தீவின் காடுகள் அழிக்கப்பட்டன. சில பத்தாண்டுகளுக்குள் மண் சத்திழந்தது, தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்குப் போனார்கள், விட்டுப்போன நிலத்தில் லாலாங் ஏறியது. பிறகு அதில் கம்பங்கள் வந்தன, செங்கல் சூளைகள் வந்தன, அவையும் போயின. மறுபடி புல் ஏறியது. அதாவது நம் ‘காலி நிலம்’ பலவும் சத்து உறிஞ்சப்பட்டு மீண்டுகொண்டிருக்கும் மண். அந்த மீட்சியில் வேருக்கும் மண்புழுவுக்கும் கறையானுக்கும் உள்ள பங்கோடு, வளை தோண்டும் சிறுவிலங்கின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை அந்த மண்ணில்தான் இருக்கிறது. மண்ணை அள்ளி லாரியில் ஏற்றிவிட்டால் விடையும் கூடவே போய்விடும்.

கண்ணெதிரே நடந்ததையே பார்ப்போம். தெங்காவில் ஏறத்தாழ 700 ஹெக்டரில் புதுநகர் எழுகிறது. கைவிடப்பட்ட கம்பமும் சூளையும் புதராகிக் காடாகிக்கொண்டிருந்த நிலம் அது. அங்கே 100 மீட்டர் அகலத்தில் காட்டு வழித்தடம் ஒன்று திட்டமிடப்பட்டதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அது மரங்களுக்கான வழி. திறந்த புல்வெளியை நம்பும் உயிர்களுக்கு நிழலடர்ந்த காடு வீடாகாது. கிராஞ்சியில் 2021 தொடக்கத்தில் வெளியே வந்த செய்தி இன்னும் மறக்கவில்லை. வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவுக்கான இடத்தில், உயிரினங்களைப் பற்றிய ஆய்வு முடியுமுன்பே ஒரு பகுதிக் காடு தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது. மரம் விழுந்ததால் அது வானிலிருந்து எடுத்த படத்தில் தெரிந்தது. புல் போயிருந்தால் எந்தப் படத்தில் தெரிந்திருக்கும்?

நிலம் போவது ஓர் அபாயம் என்றால், இரண்டாவது அபாயம் விஷம். பின்சந்துக்கென்று வாங்கிய விஷப்பெட்டி, வேலி தாண்டிப் புல்மேட்டிலும் புதரோரத்திலும் வைக்கப்படும்போது, அது எந்த எலி என்று பார்த்துக் கொல்வதில்லை. இரத்தம் உறையாமல் செய்யும் இந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிகிறது. அப்போதுதான் அது எளிய இரை. நம் திறந்தவெளிகளின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே பார்க்கும் கருந்தோள் பருந்தும், இரவில் பறக்கும் கூகையும், வடிகாலில் எலி தின்று நமக்கு உதவும் மலைப்பாம்பும் அந்த இரையை எடுக்கின்றன. மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் எலியைக் கட்டுப்படுத்தவே கூகைகளுக்குப் பெட்டி கட்டி வளர்த்தன. வீரியம் கூடிய புதிய தலைமுறை விஷங்களுக்கு மாறிய தோட்டத்தில் அதே கூகைகள் சரிந்ததை 1980களிலேயே அங்கே பதிவு செய்தார்கள். காவல்காரனுக்கே விஷம் வைத்துவிட்டுத் திருடனைத் தேடிய கதையாக அது முடிந்தது.

திபெத்தியப் பீடபூமி இதைவிடப் பெரிய எச்சரிக்கை. அங்கே வளை தோண்டி வாழும் பைக்கா எலி போலத் தோன்றினாலும் முயலுக்கு நெருங்கிய உறவு. அது மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று சொல்லி, பல பத்தாண்டுகளாகப் பரந்த நிலப்பரப்பில் விஷம் தூவினார்கள். ஆண்ட்ரூ ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறு கதையைக் கண்டார்கள். வளைகளில் பனிக்குருவிகள் கூடு கட்டின. பருந்தும் நரியும் கரடியும் பைக்காவை நம்பியிருந்தன. 2015ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் அளந்து காட்டியது. வளைகள் உள்ள நிலத்தில் மழைநீர் வேகமாக மண்ணுக்குள் இறங்கியது. விஷம் வைத்து அழித்த நிலத்தில் அந்த வேகம் குறைந்தது. மஞ்சளாறும் யாங்சியும் மீகோங்கும் பிறக்கும் மேட்டுநிலம் அது. திடீர் மழைக்கு வடிகால்களும் கால்வாய்களும் கட்டிக் கோடிகளைச் செலவிடும் நம் நகரம், மழையை உள்ளே வாங்கும் மண் எப்படி உருவாகிறது என்பதை அலட்சியம் செய்ய முடியுமா?

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்பது நம் பழமொழி. 2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே ஒரு புல்மேட்டில் நூற்றுக்கணக்கான எலிகள் ஓடிய காணொளியைப் பார்த்து நாடே அருவருத்தது. பின்னர் தெரியவந்த காரணம் எளிது. தெருநாய்களுக்கென்று தொடர்ந்து வைக்கப்பட்ட உணவு அங்கே எலிகளைப் பெருக்கியது. புல் பெற்ற எலிகள் அல்ல அவை, மிச்சச்சோறு பெற்றவை. ஆனால் அந்தக் காட்சிக்குப் பின் பலர் மனத்தில் பதிந்தது ‘வளர்ந்த புல் என்றால் எலி’ என்ற அச்சம்தான். புல் முழங்கால் உயரம் வந்தாலே நகர மன்றத்துக்குப் புகார் பறக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. பின்சந்து எலிக்கு முதல் மருந்து மூடிய தொட்டி. உணவங்காடி நிலையமும் கடைக்காரரும் குப்பை எடுப்பவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், தேசியச் சுற்றுப்புற வாரியம் அதில் இன்னும் கண்டிப்பு காட்டலாம். விஷம் கட்டடத்தை ஒட்டியே நிற்கட்டும். திறந்த புல்வெளியிலும் பூங்காவின் இயற்கை ஓரங்களிலும் அதைத் தவிர்ப்பதைத் தேசியப் பூங்காக் கழகமும் நகர மன்றங்களும் எழுத்தில் உறுதிசெய்யட்டும். ஒரு நிலத்தைக் கட்டுமானத்துக்குக் கொடுக்குமுன் செய்யும் உயிரினக் கணக்கெடுப்பு பறவையோடும் மரத்தோடும் நின்றுவிடக் கூடாது. உயிரோடு பிடித்து எண்ணிவிட்டு விடும் பொறிகளை வைத்துச் சிறுவிலங்குகளையும் எண்ண வேண்டும். மண்ணின் தழைச்சத்தையும் நீர் இறங்கும் வேகத்தையும் அளக்க வேண்டும். புதிய நகரங்களின் வரைபடத்தில் காட்டு வழித்தடம் போலவே, வெட்டாமல் விட்ட உயர்புல் திட்டுகளுக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, காலம் கடந்தால் கேட்க முடியாதது. கிராஞ்சியின் 124 ஹெக்டரில், கைமாற்றத்துக்கும் முதல் தூணுக்கும் இடையே ஒரு காலம் கிடைக்கும். அங்கே சில மனைகளுக்கு மட்டும் வேலி போடுவோம். சிலவற்றில் சிறுவிலங்கு நுழையட்டும், சிலவற்றில் நுழையாதிருக்கட்டும். எந்தப் புல் ஏறுகிறது, எந்தச் செடி விழுகிறது, மண்ணில் என்ன மாறுகிறது என்று பல்கலைக்கழக மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அளக்கட்டும். அரிசோனாவில் அதற்கு வேண்டியிருந்தது வேலியும் பொறியும் பொறுமையும்தான். நம்மிடம் அந்த மூன்றும் உண்டு. குறைவது காலம் மட்டுமே.

தேக்காவின் பின்சந்தில் நாளை விடியலிலும் அந்த எலி தொட்டியிலிருந்து இறங்கும். அதை நிறுத்த ஒரு மூடி போதும், இன்றே மூடலாம். கிராஞ்சியின் புல்லுக்கடியில் இருக்கும் உயிர் எது, அது என்ன செய்கிறது என்பதை நாம் இன்னும் கேட்கவில்லை. புல்டோசர் வந்து நிற்கும் நாளில் கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.